அத்தை வந்திருக்கு

"அம்மா, அத்தை வந்திருக்கு!"

நாலு வயது எல்லம்மா வாசலில் நின்று கத்தினாள். வில்வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சரோஜம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்டி மங்கம்மா, இது நீ பெத்த பிள்ளைதானே?"

"ஆமாங்கம்மா."

"பெத்தவளைப் பார்த்து அத்தைங்குது?"

மங்கம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் மைசூர் மகாராணியே வந்து கேட்டாலும் அவள் காதில் விழாது.

சரோஜம்மாளின் வீட்டுக்காரர் ராயக்கோட்டை ரோட்டில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கிறார். மங்கம்மாவும் அவள் புருஷன் மாதப்பனும் அங்கேதான் வேலை. குடிசையும் காளவாயை ஒட்டியே. கிருஷ்ணகிரியில் அணை கட்டத் தொடங்கியதிலிருந்து சுண்ணாம்புக்கு ஏகக் கிராக்கி. காளவாய் அணைவதே இல்லை.

கெலமங்கலம் சந்தைக்குக் கிளம்பிய சரோஜம்மாள், "உன் பிள்ளை அங்கதானே இருக்குது? ஏறு, ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்" என்று இவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல மனசுக்காரி. அடுத்தவர் வழக்கைத் தன் வழக்காக நினைத்துப் பேசுவாள், யாரும் கூப்பிடாவிட்டாலும்.

உள்ளேயிருந்து வெங்கடம்மா வந்தாள். மாதப்பனின் தங்கை. பிள்ளை இல்லாதவள்.

"வாங்க அண்ணி. வாங்கம்மா."

மங்கம்மா மடியிலிருந்து ஒரு சிவப்புப் பாவாடையை எடுத்தாள். உத்தேச அளவில் தைத்தது. கட்டிப் பார்த்தால் முழங்காலுக்கு மேலே நின்றது.

"குட்டையாப் போச்சே!" என்றாள் சரோஜம்மாள்.

"ஆமாங்கம்மா, குட்டையாப் போச்சு!" என்று மங்கம்மா சிரித்தாள். புதுத்துணி வீணானதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவளை சரோஜம்மாள் அன்றுதான் பார்த்தாள்.

"அத்தைகிட்ட வர்றியா, கண்ணு?" என்று மங்கம்மா கையை நீட்டினாள்.

குழந்தை யோசித்தது. வந்து மடியில் உட்கார்ந்தது. மங்கம்மா அதன் தலையில் முகத்தைப் புதைத்து மோந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குழந்தை நழுவி ஓடிப்போய் வெங்கடம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. மங்கம்மாவின் கைகள் வெறும் மடியிலேயே கிடந்தன.

சரோஜம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா வெங்கடம்மா, பிள்ளை இல்லாத ஏக்கம் இருக்கும்தான். அதுக்காகப் பெத்தவளை அத்தையாக்கிட்டு நீ அம்மாவாயிடறதா? இவளும் அத்தை அத்தைன்னு தன்னையே சொல்லிக்கிறாளே, அந்த அளவுக்கு மிரட்டி வெச்சிருக்கியா?"

வெங்கடம்மா மங்கம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். வெங்கடம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

குற்றம் ருசுவாகிவிட்டது என்று சரோஜம்மாள் முடிவு கட்டினாள். குழந்தையைத் தூக்கி வண்டிக்குள் உட்கார வைத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

"மாரிசாமி, மாட்டைப் பூட்டு! யார் தடுக்கறாங்கன்னு நானும் பார்க்கிறேன்."

"அம்மா! அம்மா!" என்று குழந்தை வெங்கடம்மாவைப் பார்த்துக் கை நீட்டி அலறியது.

மங்கம்மா ஓடிவந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்தாள்.

"இறக்கி விட்டுடுங்கம்மா. உங்க காலுல விழறேன். அவ அங்க வரக் கூடாது."

"ஏன்டி? உன் வீட்டுல கூழுக்கா குறை?"

"கூழுக்குக் குறையில்லீங்க. ஒண்ணரை வயசாகியும் இவளுக்கு நிக்கவே வரலையே, உங்களுக்குத் தெரியாதா? சவலைன்னாங்க. பால் பத்தலேன்னு என்னையேதான் ஏசினாங்க. தோஷமா இருக்கும், ரெண்டு வேளையும் சாம்பிராணிப் புகை காட்டுன்னு நீங்களும் சொன்னீங்க. காட்டினேன். இருமி இருமிக் குச்சியாயிட்டா. அப்புறம் மாரியம்மன் பண்டிகைக்கு இங்க வந்து கொஞ்ச நாள் தங்கினோம். இருமல் நின்னுச்சு. சோறு கேட்டா. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னாங்கம்மா! வீட்டுக்குத் திரும்பினோம், மறுபடி படுத்துட்டா."

"அதெப்படி?"

"புகைங்கம்மா."

"எந்தப் புகை?"

சோறு போடுகிற இடத்தைக் குறை சொல்ல மங்கம்மாவுக்கு நாக்கு எழவில்லை. சரோஜம்மாளும் மறுபடி கேட்கவில்லை. காற்று காளவாய்ப் பக்கமிருந்து அடித்தால் முதலில் தன் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறவள் அவள்தான்.

குழந்தையைத் தானே கீழே இறக்கி விட்டாள். அது ஒரே ஓட்டமாக ஓடி வெங்கடம்மாவின் தோளில் ஏறிக்கொண்டது.

வண்டி புறப்பட்டது. மங்கம்மா பின்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், வீடு மறைகிற வரைக்கும்.

சரோஜம்மாளுக்கு மனசு ஆறவில்லை. யாரையாவது ஏசினால் தேவலை போலிருந்தது.

"சரி, இங்கேயே வளரட்டும். அதுக்காக அம்மாங்கிற ஒரு வார்த்தையைக்கூடவா உன் நாத்தனா உனக்கு விட்டு வைக்கக் கூடாது? பச்சைப் பிள்ளைக்கு அத்தைன்னு சொல்லிக் குடுக்க அவளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

"அவ சொல்லிக் குடுக்கலீங்கம்மா. வேண்டாம் அண்ணின்னு அழுதா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீயா?"

மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் ஒரு தடவை, 'அம்மா, நானும் வரேன்'னு கையை நீட்டினா. மனசு கேக்கல, தூக்கிட்டு வந்துட்டேன். அவ பிழைச்சதே மறுபிழைப்பு. இன்னொரு தடவை அம்மான்னு கூப்பிட்டா, நான் மறுபடியும் தூக்கிட்டு வந்துடுவேங்கம்மா."