எம்பட ஆளு

பந்தயம் நடத்தும் டீக்கடைச் சின்னண்ணனுக்குக் குழந்தைவேல் தரவேண்டியது நாற்பத்தேழு ரூபாய். டீக்கடையை ஒட்டிய லாரிப் பட்டறை வாசலில் பாழாய்ப்போன ரேடியோ கரகரக்கிறது. சென்னையில் கிரிக்கெட் ஆடுகிறவர்களில் நாலு பேரைக் குழந்தைவேல் தன் ஆளென்று பீடிக்கட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறான். அவர்கள் எடுக்கும் ரன் மேல்தான் பந்தயம். மட்டையைக்கூட இவன் கண்ணால் கண்டதில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, உதடு அந்தப் பேர்களையே முணுமுணுக்கிறது. வெயிலில் அவன் பெண்டாட்டி மாரக்காள் சினையாட்டை இழுத்து வருகிறாள். "இதப் புடிச்சுக்கங்ண்ணா. இத்தோட எங்கள உட்ருங்க." "பரவால்ல, ஊட்ல ஒரு ஆம்பளையாச்சும் இருக்குது" என்று சிரிக்கிறான் சின்னண்ணன். ஆடு கத்துகிறது. "அதச் சத்தம் போடாம புடி புள்ள, எம்பட ஆளு எறங்கறான்!" என்கிறான் குழந்தைவேல், ரேடியோவிலிருந்து காதை எடுக்காமல். சின்னண்ணன் ஆட்டின் மடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, சிலேட்டில் குழந்தைவேல் கணக்கை எச்சில் தொட்டு அழிக்கிறான்.