ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

“மறுபடியும் கெடுத்துட்டேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் பெரியவர். ஆளில்லாத வீட்டில் அந்தச் சத்தம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

முப்பத்தைந்து வருடம் கட்டட வரைபடம் போட்ட மனிதர். ஓய்வுக்குப் பிறகும் அவர் கைக்குப் பழகியது ஒரே ஒரு பழைய வரைபட மென்பொருள்தான். புதுக் கம்ப்யூட்டரோ அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

வெளியூரில் தனியாக இருக்கும் ஒரே மகன்தான், அங்கிருந்தபடியே புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்தான். வெர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். நன்றாகத்தான் ஓடியது, சனிக்கிழமை வரைக்கும்.

ஞாயிறு காலையில் பார்த்தால் திரை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கும். மெமரி குறைந்திருக்கும். ஒரு கோடு இழுத்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் அந்தக் கோடு அப்போதுதான் வந்து நிற்கும். ஐந்து மாதமாக வாராவாரம் இதே கூத்து. வெளியே தனி ஃபோல்டரில் இருக்கும் வரைபடங்களில் மட்டும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

தப்பு தன்மேல்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. கை சும்மா இருக்காது, செட்டிங்ஸில் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார். ‘சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மகனுக்குப் போன் போடுவார்.

அவனுக்கு அது பத்து நிமிட வேலை. மெமரியைக் கூட்டி, திரையை விரித்து, முடித்துவிடுவான். ஆனாலும் போனை வைக்க ஒரு மணி நேரம் ஆகும்.

“மெதுவா சொல்லுடா, எழுதிக்கிறேன்.”

“எதுக்குப்பா எழுதிக்கிட்டு? நான் இருக்கேன்ல. அப்புறம்... வேற என்னப்பா?”

இந்த மெஷின் வருவதற்கு முன்னால் அவன் சும்மாவே கூப்பிட்டதுண்டு. “என்ன விஷயம்?” என்பார். “ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான்” என்பான். “விஷயம் இல்லாம எதுக்குடா போனு? வை, வை. போய் வேலையப் பாரு” என்று வைத்துவிடுவார். பிள்ளை நேரம் வீணாகக்கூடாதே என்ற அக்கறைதான். பிறகு அவன் சும்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

இந்த ஞாயிறு அவர் மகனுக்குப் போன் போடவில்லை. பாவம், அவனுக்கு இருப்பதே ஒரு லீவு நாள். அந்த ஒரு மணி நேரம் போனால் வாரம் பூராவும் தனக்குப் பேச்சுத்துணை இல்லை என்பது தெரிந்தும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு தெருக்கோடி கம்ப்யூட்டர் கடையிலிருந்து மெக்கானிக் பெண்ணை வரவழைத்தார்.

“இன்னையோட இதுக்கு ஒரு முடிவு கட்டிடும்மா. இனிமே என் பையனை நான் தொந்தரவு பண்ணக்கூடாது.”

அந்தப் பெண் கால்மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாள். திரை விரிந்தது, கோடு இழுத்த கையோடு வந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து வைத்து உற்றுப் பார்த்தாள்.

“சார், நீங்க எதையும் கெடுக்கல.”

“என்னம்மா சொல்ற?”

“மெஷினோட முதல் நாள் நிலையை, மெமரி கூட்டறதுக்கு முன்னாடி இருந்ததை, யாரோ அப்படியே படம் பிடிச்சு வச்சிருக்காங்க. வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நிலைக்கே திருப்பியும் விட்டிருக்காங்க. அதுவும் இங்கிருந்து இல்ல, வெளியிலேர்ந்து.”

“அடப்பாவி! எவன்டா அவன்?” பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வெளியிலேர்ந்து உள்ள வர யாருக்கு சார் அனுமதி குடுத்திருக்கீங்க?”

“யாருக்கும்மா குடுப்பேன்? என் பையனுக்கு மட்டும்தான்...”

‘எதுக்குப்பா எழுதிக்கிட்டு?’ என்ற குரல் காதில் கேட்டது. அந்த ஊரில் அவனுக்கு ‘சாப்பிட்டியா’ என்று கேட்கக்கூட ஆளில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்பாவோடு பேச ஒரு விஷயம் வேண்டுமே, அதற்காக என்ன பாடு பட்டிருக்கிறான்!

“அந்த வழியை அடைச்சிடட்டுமா சார்? ஒரு நிமிஷ வேலை.”

“வேணாம்மா, வேணாம். அது திறந்தே இருக்கட்டும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “அந்த முதல் நாள் நிலைக்கு எப்படித் திருப்பறது? எனக்குக் காட்டு.”

“சார்! இப்பத்தானே கஷ்டப்பட்டு சரி பண்ணேன்?”

“நல்லாத்தான் பண்ணே. எங்க அமுக்கணும், சொல்லு.”

அவள் புரியாமல் ஒரு பொத்தானைக் காட்டினாள். பெரியவர் தன் விரலாலேயே அதை அமுக்கினார். திரை மறுபடியும் தீப்பெட்டியாகச் சுருங்கியது.

போனை எடுத்தார். முதல் மணி முடிவதற்குள் மகன் எடுத்துவிட்டான்.

“தம்பி, மறுபடியும் கெடுத்துட்டேன்டா!”