வாசலில் தொடங்கிய தரை

டைல்ஸ்காரர் அறையின் கோடி மூலையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். காலடியில் இன்னும் டைல்ஸ் போடாத கொஞ்சம் இடம். அவருக்கும் கதவுக்கும் நடுவே, அறை முழுக்க, ஈரச் சாந்தின் மேல் புது டைல்ஸ். கால் வைத்தால் அத்தனையும் அமுங்கிவிடும். ஜன்னலிலோ கம்பி. நாளைக் காலை வரைக்கும் மனுஷன் அங்கேதான்.

கதவருகே நின்ற மனைவிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நேற்றுத் தொழிலுக்கு வந்த கத்துக்குட்டிகூட இப்படி மாட்டிக்கொள்ள மாட்டான்.

ஊரில் பாதி வீட்டுத் தரை இவர் போட்டது. சொந்த வீட்டில் இந்தப் படுக்கையறை மட்டும் கல்யாணமான நாளிலிருந்து வெறும் சிமெண்டுத் தரை. கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அப்படிப்பட்டவர் இன்று காலையில், யாரும் கேட்காமலே, சாந்து குழைக்கத் தொடங்கினார்.

இன்று பார்த்து.

இன்று கொழுந்தன் சொல்லிக்கொண்டு போக வருகிறான். வேலைக்கு வெளிநாடு கிளம்புகிறான். போனால் திரும்பி வர வருஷக்கணக்காகும்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாக வேலை செய்தவர்கள். போன வருஷம் ஒரு வீட்டில் தம்பி போட்டிருந்த டைலை அண்ணன் விரலால் தட்டிப் பார்த்தார். அடியில் சாந்து நிறையாமல் பொக்கென்று சத்தம் வந்தது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உளியை வைத்துப் பெயர்த்துப் போட்டார்.

பெயர்த்தது சரி. நாலு பேர் முன்னால் பெயர்த்ததுதான் சரியில்லை. சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போன தம்பி, அதன்பிறகு அண்ணனோடு வேலைக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு மட்டும் வருவான். அண்ணியைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த வீட்டுக்கு வந்து, அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள்.

ஆனால் தெரு முனையில் தம்பியின் தலை தெரிந்தால் போதும், அண்ணனுக்கு எங்கிருந்தோ ஒரு வேலை முளைத்துவிடும். மணல் வந்திருக்கிறது என்பார். கடையில் ஆள் காத்திருக்கிறது என்பார். செருப்பைப் போட்டதும் போடாததுமாக நழுவிவிடுவார்.

வீம்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இன்றைக்கும் முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டால் இரண்டு பேரும் அப்படியே ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள். அந்தப் பயத்தில் அவளுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் காலையில் சாந்தைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. வெளியில் சாக்குத் தீர்ந்துபோய், இப்போது வீட்டுக்குள்ளேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டாள்.

“பலகை ஏதாவது போடட்டுமாங்க? அது மேல மெதுவா வந்துருங்களேன்.”

“வேணாம். டைல்ஸ் அமுங்கிடும்.” அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. “அண்ணி” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்த கொழுந்தன், அறைக் கதவருகே வந்ததும் நின்றான்.

மூலையில், வாளி மேல், அண்ணன். கரண்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கரண்டிதான்.

தொழில் தெரிந்த கொழுந்தனின் கண் சும்மா இருக்குமா. பயணத்துக்குப் போட்ட புதுப் பேண்ட் என்றும் பார்க்காமல் நிலைப்படியில் முட்டி போட்டான். கன்னத்தைத் தரையோடு தரையாக வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

“உன் காலுக்கு முன்னாடி ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது.”

அவள் சட்டென்று கணவனைப் பார்த்தாள். அவர் போட்ட தரையில் குறை சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனவர் கிடையாது.

டைல்ஸ்காரர் ரப்பர் சுத்தியலை எடுத்தார். “இதுவாடா?”

“பக்கத்துல இருக்கறது. இடது ஓரம்.”

தட்டினார்.

“இன்னும் கொஞ்சம்.”

மறுபடியும் தட்டினார். மனைவி நிற்கிறாளே என்று பார்க்கவில்லை. சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு, தம்பி போதும் என்கிற வரைக்கும் தட்டினார்.

“போதும்” என்று கொழுந்தன் எழுந்தான். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே கதவோரத்து முதல் வரிசையைப் பார்த்தான். அப்புறம் மூலையைப் பார்த்தான்.

“ஏண்ணே, வாசல்லயா ஆரம்பிச்ச? உள்ளருந்து போட்டுக்கிட்டே வந்து வாசல்ல முடிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே.”

டைல்ஸ்காரர் கரண்டியையும் துணியையும் கீழே வைத்தார். போன வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அப்படிப் போட்டிருந்தா, இந்நேரம் ஓடிருப்பேன்டா.”

கொழுந்தன் அண்ணனுக்கு எதிரே, நிலைப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.