இடது முன் சக்கரம்

அவன் காரின் பானட்டுக்குள் தலையை விட்டபடி நின்றான். இரண்டு கையிலும் வயரைச் சோதிக்கும் மீட்டரின் முனைகள். ஸ்டியரிங்கை ஒடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்தாள். நான்கு நாளாகப் பேசாத ஆள்.

"கொஞ்சம் வர்றியா?"

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அவள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எதற்கு என்று கேட்காமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தூக்கி நிறுத்திய பானட் இருவருக்கும் நடுவில் இருந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை.

புதன்கிழமை, தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் விட்டு அவள் தனியாக ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். தூறல். கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது எதிரே ஒரு மாடு. பிரேக்கை மிதித்தாள். சக்கரங்கள் இறுகிவிட்டன. பதினாறு வயதுக் கார் ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டே போய், தடுப்புச் சுவரை உரசி நின்றது.

சேதி கேட்டு நண்பனின் பைக்கில் அவன் விரைந்தான். அவளுக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும் கோபம் வந்தது.

"ஏபிஎஸ்னு மஞ்ச விளக்கு எரிஞ்சுதுங்க. அப்புறம் நான்..."

அவன் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பியது. எந்த விளக்கும் எரியவில்லை.

"எங்க எரியுது? பயத்துல எதையோ பாத்திருக்க. நிதானமா மிதிக்கணும், பூங்கொடி."

பஸ் டிப்போவில் இருபது வருடம் மெக்கானிக். அவன் சொன்னால் சொன்னதுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள்.

இன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று, நண்பனிடமிருந்து, பழுதைக் காட்டும் ஸ்கேனரை வாங்கி வந்து காரில் மாட்டினான். திரையில் ஒரே ஒரு வரி. இடது முன் சக்கரத்தின் சென்சார். தொடர்பு அறுந்து மீண்டது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காப்பது ஏபிஎஸ். சக்கரம் சுற்றுகிறதா, இறுகிவிட்டதா என்று அதற்குச் சொல்வது அந்தச் சென்சார்தான்.

இப்போது அதன் வயரில் மீட்டரை வைத்தான். ஆயிரத்து நூறு ஓம். சரியான அளவு. அவனுக்குள் ஏதோ ஒன்று லேசாகச் சந்தோஷப்பட்டது.

"ரைட்ல ஒடி."

ஆயிரத்து நூறு.

"லெஃப்ட்ல. முழுசா."

எண் துள்ளியது. காணாமல் போனது.

"நேராக்கு."

வந்தது.

"மறுபடி லெஃப்ட்."

போயிற்று.

"அப்படியே புடிச்சிரு" என்று சொல்லிவிட்டுத் தரையில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டான். வயர் கம்பிபோல விறைத்திருந்தது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளேதான் அறுந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து கிடந்தது.

அவன் அசையாமல் படுத்திருந்தான்.

பொங்கல் லீவில் அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பரை மாற்றியவன் அவன். கிளிப் அவன் கையில்தான் உடைந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வயரைத் தொங்க விட்டிருந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு இடது வளைவிலும் அது இழுபட்டிருக்கிறது.

பழைய வண்டி, வயர் போயிடுச்சு என்று சொல்லலாம். அவள் நம்புவாள்.

எழுந்தான். முழங்கையில் மண். டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"அன்னிக்கு விளக்கு எரிஞ்சுதான் இருக்கு. நீ ஒடிச்சப்ப வயர் விட்டுப்போச்சு. நான் வந்து பாக்கறப்ப ஒட்டிக்கிச்சு."

அவள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளிப்பை உடைச்சுட்டு அப்படியே விட்டவன் நான்தான். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கேட்டாள்.

"கையை எடுக்கலாமா?"

அப்போதுதான் கவனித்தான். ஸ்டியரிங்கை இன்னும் இடது பக்கம் இழுத்துப் பிடித்தபடி இருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"ஐயோ, எடு எடு."

அவள் உள்ளே போகவில்லை. அறுந்த இடத்தை வெட்டிப் புது வயர் சேர்த்து அவன் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தபோது, இரண்டு முனைகளையும் நகராமல் பிடித்துக்கொண்டாள். புகை கண்ணில் பட்டபோதும் விடவில்லை. புது கிளிப்பை மாட்டியதும், வயரைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அவன் சாவியை அவளிடம் நீட்டிவிட்டு, மறுபக்கம் போய் ஏறிக்கொண்டான்.

ரைஸ் மில்லுக்குப் பின்னாலிருந்த மைதானம் காலை மழையில் ஊறிக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

"நாப்பதுல போய் பிரேக்க ஒரே மிதி. பயப்படாத."

"நான் பயப்படல."

மிதித்தாள். காலுக்கடியில் பெடல் படபடவென்று உதறியது. சேறு தெறிக்க, கார் கோடு போட்டதுபோல் நேராக நின்றது.

"என்னங்க இது, இப்படி உதறுது?"

"அது வேலை செய்யுது."

அவள் பெடலைக் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கு இது உதறவே இல்லைங்க."

"தெரியும்."

வண்டியைத் திருப்பி மறுபடி வேகமெடுத்தாள். மிதித்தாள். இன்னொரு தடவை. நான்காவது தடவை வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த பேனா பறந்து டேஷ்போர்டில் விழுந்தது. அவனும் சிரித்தான்.

ஐந்தாவது தடவை நிறுத்தியதும் என்ஜினை அணைத்தாள்.

அதன் பிறகுதான் அவள் கைகள் நடுங்க ஆரம்பித்தன. மடியில் வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. புதன்கிழமையிலிருந்து பள்ளிக்கும் வீட்டுக்குமாகப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்த நடுக்கம்.

அதான் சரியாயிடுச்சே என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

கிரீஸ் படிந்த தன் கைக்குள் அவள் கைகளை எடுத்துக்கொண்டான்.

"அந்த வளைவுல என்ன ஆச்சு, சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூட மணி அடித்ததிலிருந்து ஆரம்பித்தாள்.