முன்னால் போன லாரி

“ஊதுங்க... ஊதுங்க... விடாதீங்க, இன்னும் கொஞ்சம்!”

மூச்சுப் பரிசோதனைக் குழாயை வாயிலிருந்து எடுத்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

திரையில் ஏறிய கோடு பாதியிலேயே படுத்துவிட்டது.

சக்கர நாற்காலிப் பந்தயத்தில் ஒரு காலத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. இப்போது வாசல் சரிவில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

“தோள் ரெண்டும் இரும்பு மாதிரி இருக்கு. நுரையீரல்தான் உங்க பேச்சைக் கேக்கல,” என்றார் டாக்டரம்மா. “எந்தப் புகையில இருந்தீங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பயிற்சிக்கு மைதானம் ஏது? புறவழிச்சாலைதான். விடியற்காலையில் எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.

ஒருநாள், காலிக் காய்கறிக் கூடைகளோடு திரும்பிய லாரி ஒன்று அவளைத் தாண்டியது. தாண்டிய பிறகு வேகத்தைக் குறைத்தது. அதன் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் அது அவளுக்காக ஓரங்கட்டி நின்றிருந்தது. அதன் பிறகு தினமும்.

ஊர்வலம் போவதுபோல் போகும் லாரியை மற்ற வண்டிகள் ஹாரனாலேயே திட்டிவிட்டுப் போகும். டிரைவர் அசர மாட்டார். பள்ளம் வந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவார். ரொம்ப நாள் அவள் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான்.

பந்தய நாற்காலி தரையோடு தரையாக இருக்கும். அவள் முகத்துக்கு நேரே புகைக்குழாய். முகம் துடைத்தால் துண்டு கறுத்துப்போகும். அதையெல்லாம் யார் நினைத்தார்கள்?

மாநிலப் போட்டியில் அவள் முதலாவதாக வந்த அன்று, மைதானத்துக்கு வெளியே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. காவலாளி ஓடிப்போய் விரட்ட வேண்டியதாயிற்று.

இன்றும் சிக்னலில் எல்லோரும் மூக்கைப் பொத்தும்போது, அவள் மட்டும் அந்த டீசல் வாசனையை ஒருமுறை ஆசையாக இழுத்துக்கொள்வாள்.

சொல்லி முடித்தபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தப் புகைதான். எவ்வளவு நாள் அப்படி அது பின்னாலயே போனீங்க?”

“அவரையே கல்யாணம் பண்ணிக்கிற வரைக்கும்.”

கதவுக்கு வெளியே, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நரைத்த மனிதர் ஒருவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவர் வந்து கேட்டா, தூசி ஒத்துக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர்.”