கழுவினாலும் போகாது

கண்ணாடித் தட்டில் சரிவாகக் கிடக்கும் பன்றிக் குடல் துண்டு இன்னும் லேசாக நெளிகிறது. வெதுவெதுப்பான உப்புநீர் அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, வழிந்து, கீழேயுள்ள குடுவையில் சேர்கிறது. "காலையில வெட்டினது. தான் செத்துப்போன சேதி அதுக்கு இன்னும் வந்து சேரல போல," என்கிறாள் தோழி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆராய்ச்சிக்காரிக்கோ கண் அதைவிட்டு நகரவில்லை. ஊசி இல்லாமல் வாய்வழியே தடுப்பு மருந்து கொடுக்க அவள் செய்த நுண்துகள்களை, ஒளிரும் சாயம் சேர்த்து, சற்றுமுன்தான் அந்தக் குடலில் தடவினாள். ஒட்டியிருக்கின்றனவா என்று இப்போது தெரிந்துவிடும். கைப்பேசி அதிர்கிறது; வீட்டிலிருந்து மகள். வழக்கம்போல, ஈரமான கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, "அம்மா அப்புறம் பேசறேன் கண்ணு," என்று வைக்கிறாள். தோழி விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் போடுகிறாள். குடுவை நீர் வெறும் கறுப்பு. குடல் மட்டும் மடிப்புக்கு மடிப்பு பச்சையாக எரிகிறது. இருட்டில் அந்தப் பச்சை சுருங்கி விரிந்து, எதையோ விழுங்குவதுபோல் மெல்ல நகர்கிறது. "பாத்தியா? இவ்வளவு கழுவியும் துளி போகல. உடும்புப் பிடி!" வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள் அவள். தோழியின் பார்வை குடலின்மேல் இல்லை. "சிரிக்காத," என்கிறாள் மெதுவாக. "ஏன்டி?" "உன் ஈறெல்லாம் பச்சையா தெரியுது." சட்டென்று வாயை மூடுகிறாள். தட்டில் குடல் நெளிகிறது. துப்ப வேண்டும் என்று அவள் நினைப்பதற்குள், ஊறிய எச்சிலைத் தொண்டை தானாகவே விழுங்கிவிடுகிறது.