நடுவில் விழுந்த பந்து

சாயங்கால வெயில் கண்ணைக் குத்துகிறது. எதிரணி உயரத் தூக்கி அடித்த பேஸ்பால் பந்து வானத்தில் வெள்ளைப் பொட்டாக நின்று, மெல்ல இறங்குகிறது. மைதானத்தின் கோடியில் நிற்கும் வாயாடி அதற்கு நேர் கீழே வந்துவிட்டாள். பிடிக்கப் போகிறவர் "எனக்கு!" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் விலக வேண்டும். ஊருக்கே கேட்கும்படி கத்துவதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். போன ஆட்டத்திலும் கத்தினாள். அதே அணியில் ஆடும் கோச்சின் மகன் விலகாமல் வந்து மோதியதில் அவள் உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. "அவன் வர்றது தெரியலையா? தொண்டையை அடக்கு" என்றார் கோச், அவளைப் பார்த்து. அந்தத் தையல் இன்னும் இழுக்கிறது. இதோ, அவன் மறுபடியும் தடதடவென்று ஓடி வருகிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்குகிறாள். வழக்கமான குரல் வராததில் குழம்பி அவனும் நின்றுவிடுகிறான். பந்து இருவருக்கும் நடுவில் புல்லில் தொப்பென்று விழுகிறது. எதிரணி துள்ளிக் குதிக்கிறது. ஆட்டம் போய்விட்டது.

கோச் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அவள் பக்கம் திரும்புகிறார். "வாய்ல என்ன பூட்டா போட்டிருந்தே? டீம்னா ஒருத்தரோட ஒருத்தர் பேசணும்னு எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!" அவர் மகன் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான். அவள் அவனையே பார்க்கிறாள். அவன் நிமிரவில்லை. "சார், போன ஆட்டத்துல நீங்கதான்..." என்று அவள் தொடங்குகிறாள்.

"பாரு, எதிர்த்துப் பேச மட்டும் வாய் வருது!" யாரோ கையுறைக்குள் சிரிக்கிறார்கள். "சொல்லுங்க, இனிமே என்ன செய்யணும்?"

"பேசணும் சார்!" என்று எல்லோரும் கத்துகிறார்கள். அதில் கோச்சின் மகன் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது.